காமிக்ஸ் விழாவில் மேசைக்குப் பின்னால் ஓடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காமிக்ஸ் விழாக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வேடமிட்டு வந்தவர்கள், நீண்ட வரிசைகள், கையெழுத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் என்று கூட்டத்தின் பக்கம் நன்றாகவே வந்திருந்தது. மேசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓவியரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: சில நிமிடங்களில் படம் போட்டுக் கொடுத்துச் சம்பாதிக்கிறார்களாம். அந்த வரிதான் எங்களை எழுத வைத்தது. நாங்கள் இதே வேலையில் இருப்பவர்கள். ரசிகருக்கும் ஓவியருக்கும் இடையே வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி படம் சரியில்லாததால் வருவதல்ல. ஆர்டர் கொடுக்கும்போது பேச வேண்டிய ஐந்து நிமிடப் பேச்சை இரண்டு பேரும் விழுங்கிவிடுவதால் வருகிறது.

முதலில் சொல்லையே சரிசெய்துவிடலாம். இப்படி வரைந்து தரும் படத்தைக் கமிஷன் என்பார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டால் நம் காதில் தரகுப் பணம்தான் விழும். ஓவியர்கள் வட்டத்தில் அது, ஒருவர் கேட்டுப் பணம் கொடுக்க, அவருக்காக மட்டும் ஒரே ஒரு பிரதியாக வரையும் படம். இந்தக் கடிதத்தில் ஆர்டர் படம் என்றே எழுதுகிறோம்.

விழாவுக்கு விழா வழக்கம் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும், ஆல்பத்தை (அங்கே காமிக்ஸ் புத்தகத்துக்கு அதுதான் பெயர்) வாங்கியவருக்கு அதன் முதல் பக்கத்தில் ஓவியர் இலவசமாக ஒரு சிறு படம் போட்டுத் தருவது பழைய மரபு. பிரான்சில் 1974இல் தொடங்கிய அங்கூலேம் விழாவில் அதற்காகவே மக்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஜப்பானில் 1975 டிசம்பரில் 32 குழுக்களும் சுமார் 700 பார்வையாளர்களுமாகத் தொடங்கிய காமிக்கெட் என்ற விழாவில் மையப்பொருள், ரசிகர்களே அச்சடித்து விற்கும் புத்தகம். அங்கே படம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஷிகிஷி என்ற கெட்டி அட்டையை நீட்டுவார்கள். அதன் வழக்கமான அளவு 24.2க்கு 27.2 சென்டிமீட்டர். அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய சான் டியேகோ விழாவும் அதன் வழியில் வந்தவையும் ஓவியர்களுக்கென்று தனி வரிசை மேசைகள் ஒதுக்குகின்றன. அங்கே படத்துக்குத் தனிக் கட்டணம். ஒரு மரபில் பழகியவர் இன்னொன்றில் நுழையும்போதுதான், "புத்தகம் வாங்கினேனே, ஒரு படம் போட்டுத் தரக்கூடாதா?" என்ற கேள்வி வருகிறது. கேட்பதில் தப்பில்லை. விலைப்பட்டியலை மேசையில் வைக்காத ஓவியர்மேல்தான் தப்பு.

ஆர்டர் படம் இவ்வளவு முக்கியமானது ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பெரும் பதிப்பகங்கள் மூலப் பக்கங்களை, அதாவது அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்த அசல் தாள்களை, நெடுங்காலம் தாங்களே வைத்துக்கொண்டன; 1970களில்தான் ஓவியர்களிடம் திருப்பித் தரத் தொடங்கின. மார்வெல் பதிப்பகத்தின் புகழ்பெற்ற நாயகர்கள் பலரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் கிர்பியே அதனிடம் நீண்ட நாள் போராடி, 1987இல் தன் பக்கங்களில் ஒரு பகுதியை மட்டும் திரும்பப் பெற்றார். மூலப் பக்கத்தை விற்பது ஓவியரின் இரண்டாவது வருமானமாக ஆனது பக்கங்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான். இன்று பாதிப் பேர் திரையிலேயே வரைகிறோம். விற்பதற்கு மூலப் பக்கம் என்ற பொருளே இல்லை. தாளில் கை பட்டு வரைந்தது என்று மிஞ்சுவது ஆர்டர் படம்தான்.

இப்போது அந்தச் 'சில நிமிட'த்துக்கு வருவோம். காமிக்ஸ் பக்கத்துக்குப் பயன்படும் அட்டை 11க்கு 17 அங்குலம். அதில் வரையும் பரப்பு சுமார் 10க்கு 15. (1967 வாக்கில் சுருங்கிய அளவு இது. அதற்கு முன் அச்சைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கில் வரைந்தார்கள்.) ஆர்டர் படங்கள் பெரும்பாலும் இதே அளவு, அல்லது 9க்கு 12. தலை மட்டும் மையில் போட 20 முதல் 30 நிமிடம். மார்பளவு ஒரு மணி நேரம். முழு உருவம் இரண்டரை, மூன்று மணி. இரண்டு பாத்திரங்கள், பின்னணி, வண்ணம் என்றால் ஒரு முழு நாள் போய்விடும். அரங்கம் எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும், பேச்சு, விற்பனை, சில்லறை, கையெழுத்து எல்லாம் போகக் கை தாளில் இருப்பது நான்கு மணி நேரம்தான். அதற்குள் எட்டுத் தலைகள் முடியலாம், அல்லது ஒரு முழு உருவமும் இரண்டு தலைகளும். முதல் நாள் காலையிலேயே பன்னிரண்டு ஆர்டர் எழுதிக்கொண்டவர் மிச்சத்தை இரவு அறையில் வரைவார். அங்கேதான் கெடும். மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர்மஞ்சள் மார்க்கர் தாளில் பட்டதே கண்ணுக்குத் தெரியாது. போதவில்லை என்று நினைத்து இரண்டாவது முறை, மூன்றாவது முறை பூசுவோம். காலையில் வெயிலில் பார்த்தால் முகத்துக்குக் காமாலை. அனுபவமுள்ளவர் பகல் வெளிச்சத்துக்கு ஈடான ஒரு சிறு விளக்கைப் பையில் வைத்திருப்பார். அதைவிட அனுபவமுள்ளவர் ஆறாவது ஏழாவது பெயரோடு பட்டியலை மூடிவிடுவார்.

வாங்குபவர் கொண்டுவர வேண்டியது மாதிரிப் படம். புகழ்பெற்ற ஒரு நாயகன் ஐம்பது ஆண்டில் பத்து உடை மாற்றியிருப்பான். பெயரை மட்டும் சொன்னால், ஓவியர் மனதில் இருப்பது ஓர் உடை, உங்கள் மனதில் இருப்பது வேறு. முன், பின், பக்கவாட்டு, மார்புச் சின்னத்தின் நெருக்கப் படம் என்று நான்கைந்து போதும். நாற்பது படங்கள் கொண்ட தொகுப்பு உதவாது. அவை ஒன்றோடொன்று முரண்படும், எது சரி என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் ஓவியர் தலையில் விழும். இருட்டில் எடுத்த திரைப்படக் காட்சியில் பெல்ட் எங்கே முடிகிறது என்றே தெரியாது. உங்களையே நாயகனாக வரையச் சொன்னால், கண்ணாடி முன் நின்று எடுத்த செல்ஃபி கொடுக்காதீர்கள்: வகிடு பக்கம் மாறிவிடும், மச்சம் இடம் மாறிவிடும். படங்களை முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் கைப்பேசிகள் ஒரே கூரையின் கீழ் கூடும்போது அரங்கத்தில் இணையம் படுத்துவிடும். சமீபத்தில் கணினி உருவாக்கிய படத்தை மாதிரியாகக் கொண்டுவருகிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வரைய உட்கார்ந்தால் தோள்பட்டை வார் எங்கிருந்தோ வந்து எங்கோ மறையும், இடது கையுறையும் வலது கையுறையும் வேறு வேறாக இருக்கும். வேறு மாதிரி கேட்கும் ஓவியரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலையின் வரிசை முறையைச் சொல்லாமல் விட்டால், திருத்தம் பற்றிய சண்டை புரியாது. முதலில் இரண்டு மூன்று அங்குலத்தில் ஒரு சின்ன வரைவு. அதைக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். நிலை, கோணம், பார்வையின் திசை எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற காலம் இது ஒன்றுதான். பிறகு 2எச் அல்லது வெளிர்நீலப் பென்சிலில் அழுத்தாமல் வரைவு. அதன்மேல் கோட்டு மை. மை காய்ந்த பின் ரப்பர். கரும்பரப்புகளை நிரப்புவது ரப்பருக்குப் பின்னால்தான். அடர்ந்த கறுப்பின் மேல் ரப்பர் ஓடினால் மேல்பூச்சு உரிந்து கறுப்பு சாம்பலாகிவிடும். திரும்பப் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைசியில் வண்ணம், அதற்கும் பின்னால் ஒளிரும் இடங்களுக்கு வெள்ளை. மை விழுந்த பிறகு, "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று கேட்டால், புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கு என்று அர்த்தம். அதனால்தான் வரைவுக் கட்டத்தில் இரண்டு முறை இலவசத் திருத்தம், மைக்குப் பிறகு எதுவும் இல்லை என்று எழுதி வைக்கிறோம். திமிர் அல்ல.

வண்ணத்தில் அதிகம் கெடுவது மார்க்கரால். ஆல்கஹால் மார்க்கர் பென்சில் கோட்டின் மேல் ஓடினால் கோடு தாளில் பதிந்துபோகும். பிறகு எந்த ரப்பருக்கும் வராது. தண்ணீரில் கரையாத மை மார்க்கரிலும் கரையாது என்று புதியவர்கள் நம்புவார்கள். அரக்கு கலந்த இந்தியன் இங்க் தண்ணீரைத் தாங்கும், ஆல்கஹாலைத் தாங்காது, ஏனென்றால் அரக்கே ஆல்கஹாலில் கரையும் பொருள். கறுப்புக் கோடு கன்னத்தில் இழுவிக்கொண்டு போன படங்களின் கதை பெரும்பாலும் இதுதான். நிறமித்துகள் கொண்ட ஃபைன்லைனர் பேனாக்கள் பொதுவாகத் தாங்கும், ஆனாலும் அதே தாளின் துண்டில் சோதித்துவிட்டே தொட வேண்டும். (காப்பிக் மார்க்கர் 1987இல் வந்தபோது அதன் பெயரே நகலெடுக்கும் இயந்திரத்தின் டோனரைக் கரைக்காது என்பதிலிருந்து பிறந்தது. நகல் தாள்மேல் தாராளமாகப் பூசலாம். எல்லா மையின் மேலும் பூசலாம் என்று அது உறுதி கொடுத்ததில்லை.) வெள்ளை ஜெல் பேனா வைத்த இடத்தில் மார்க்கர் முனை பட்டால் முனையும் பாழ், வெள்ளையும் பாழ். தாள் தேர்விலும் கவனம் வேண்டும். வழவழப்பான பிரிஸ்டல் அட்டையில் நிப் அழகாக ஓடும், ஆனால் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். சற்றுச் சொரசொரப்பானது தூரிகைக்கும் பென்சிலுக்கும் ஏற்றது. நீர்வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளுக்குக் கீழே இறங்கக் கூடாது. தாள் அலையாக வளைந்துவிடும்.

வெற்று அட்டையோடு வரும் காமிக்ஸ் இதழ்களை நீட்டி, "இதன்மேல் வரைந்து தாருங்கள்" என்பவர்கள் தனி ரகம். அந்த அட்டை மெல்லியது. மார்க்கர் மறுபுறம் இறங்கி முதல் பக்கத்தையும் கெடுக்கும். இடையில் ஒரு கெட்டி அட்டையைச் செருகாமல் தொடவே கூடாது. கையை இதழின் முதுகுப் பக்கம் ஊன்றினால் பின் அடித்த இடத்தில் குறுக்காக வெள்ளைக் கீறல்கள் விழும். சேகரிப்பவர் கண்ணுக்கு அது படத்தைவிட முதலில் தெரியும். ரப்பரைக் குறைவாகப் பயன்படுத்தும்படி நேரடியாக நீலப் பென்சிலில் தொடங்குவது நல்லது. இதழின் நிலையை மதிப்பிட்டுச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கையெழுத்திடுவதை அவர்களின் சாட்சி நேரில் பார்த்திருந்தால்தான் சில சான்றுகள் கிடைக்கும்; வரைந்து முடித்த பிறகு சாட்சியைத் தேடிப் பயனில்லை.

பெயர் எழுதித் தரச் சொல்கிறவர்கள் எழுத்துக்கூட்டலைத் தாங்களே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரைச்சலில் காதில் விழுந்ததை மையில் எழுதினால் திருத்த வழியில்லை. பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால் பெயரே வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர் போட்ட படத்துக்கு மறுவிலை குறையும். இதை ஓவியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: தலை ஒன்று என்றால் மார்பளவு இரண்டு, முழு உருவம் நான்கு என்ற விகிதம் பலரிடம் உண்டு. இரண்டாவது பாத்திரத்துக்கு முழுக் கட்டணம் அல்ல, முக்கால் பங்கு. பின்னணியைத்தான் எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கட்டடங்கள் நிறைந்த தெருவைச் சரியான பார்வைக்கோட்டில் போடுவதற்கு, அதில் நிற்கும் ஆளைப் போடுவதைவிட அதிக நேரம் ஆகும். குதிரை, சைக்கிள், கூட்டம் இந்த மூன்றுக்கும் கூடுதலாகக் கேட்கும் ஓவியரோடு பேரம் பேசாதீர்கள், அவர் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார். இந்த விகிதத்துக்குள் மேசைக் கட்டணம், பயணம், தங்கும் செலவு, தாள் எல்லாம் அடங்க வேண்டும். ஆர்டர் படங்களை மட்டும் நம்பிப் போனால் அடங்காது. வரைந்துகொண்டிருக்கும்போதே விற்றுக்கொண்டிருக்கும் பிரிண்டுகளும் (அச்சடித்த படங்கள்) புத்தகங்களும்தான் மேசையின் செலவைத் தாங்குகின்றன.

இனி எங்கள் பக்கத்துக் குறை. முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் படம் தராமல் இழுப்பவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அது ரகசியம் அல்ல. ஏமாற்றும் எண்ணத்தோடு தொடங்குபவர் குறைவு. வாங்கிய பணம் அடுத்த விழாவின் மேசைக் கட்டணமாகப் போய்விடும். பிறகு பழைய படத்தை வரையும் நேரம் வருமானமே இல்லாத நேரமாகத் தோன்றும். புது ஆர்டர் வந்தால் கை அதன் பக்கம் போகும். பட்டியல் நீள நீள வெட்கம், வெட்கத்தால் பதில் எழுதாமை. இதற்கு மருந்து எளியது: பாதி முன்பணம், மீதி படம் முடிந்து புகைப்படம் காட்டிய பிறகு. ஒரே சமயத்தில் பத்து ஆர்டருக்கு மேல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வரிசை எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், பெயர் தேவையில்லை. எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் முன்பணம் திரும்பும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதித் தர வேண்டும். முழுப் பணமும் முன்பே கேட்பவரிடம் ரசிகர்கள், "பாதி தரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் முகம் போகும் போக்கிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

உடம்பைப் பற்றியும் சுருக்கமாக. அரங்க மேசை பெரும்பாலும் ஆறடி, சில விழாக்களில் அதிலும் பாதிதான் கிடைக்கும். உயரம் சாப்பாட்டு மேசைக்கானது, நாற்காலியோ தாழ்ந்தது. தட்டையான பரப்பில் எட்டு மணி நேரம் குனிந்தால் முதலில் கழுத்து, பிறகு கட்டைவிரல் அடியில் தசைநார் வீக்கம். சாய்த்து வைக்கும் ஒரு சிறு பலகை, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது, தண்ணீர் பாட்டிலை மேசைக்குக் கீழே வைப்பது, கழிவறைக்குப் போகும் நேரத்தில் மேசையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஓவியர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட கோட்டின் நடுவில் நிமிர்ந்தால் கோடு போய்விடும்.

அஞ்சலில் அனுப்பும் படங்களுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய எல்லாமே மூலைகளில்தான். படத்தை பாலிபுரோப்பிலின் உறையில் போட்டு, படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிய அட்டைப்பெட்டி அட்டைகள் இரண்டை எடுக்க வேண்டும். ஓர் அட்டையின் உள்வரிகள் நீளவாக்கில் ஓடினால் மற்றதன் வரிகள் குறுக்கே ஓட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் அந்தத் திசையில் மடங்கிவிடும். உறையை ஓர் அட்டையின் நடுவில் வைத்து நான்கு மூலையிலும் எளிதில் உரியும் டேப்பால் ஒட்டுங்கள், அப்போதுதான் உள்ளே நகர்ந்து மூலை மோதாது. டேப் உறையில் படலாம், படத்தில் படக் கூடாது. சுருட்டி குழாயில் அனுப்புவது பிரிண்டுக்குச் சரி. கெட்டி அட்டையும் தடித்த வெள்ளைப் பூச்சும் உள்ள மூலப் படத்தில் பூச்சு வெடிக்கும். பழைய பிவிசி உறைகளில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் மையில் ஒட்டும்.

வாங்கிய பிறகும் இரண்டு விஷயங்கள். படம் உங்களுடையது, ஆனால் அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கும் உரிமை அதோடு தானாக வந்துவிடாது. பாத்திரம் பதிப்பகத்துடையது. ஓவியத்தின் பதிப்புரிமை யாருக்கு என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் வரைந்தவருக்கு, சில இடங்களில் பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கு. ஆகவே ஆர்டர் சீட்டிலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. அடுத்தது சுவர். ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம், நிறமித்துகள் அல்ல. வெயில் படும் சுவரில் மாட்டினால் மார்க்கர் வண்ணம் வெளிறும், நிறமி மையில் போட்ட கறுப்புக் கோடு மட்டும் அப்படியே நிற்கும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. நேர் வெயில் விழாத உள்சுவர்தான் சரியான இடம். சட்டகத்தின் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே ஓர் அட்டை விளிம்பு இருந்தால் ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாது.

இப்படிக்கு,
சித்திரக்கதை ஓவியர்கள் சிலர்